டீச்சரைக் கேளுங்க: "ஆ? என்னா சொன்னே?"

போன இதழ்ல மேடைப் பேச்சு பத்தி ஒரு தம்பிக்கு பதில் எழுதினேன் இல்லியா, அதுக்கப்புறம் வந்த கேள்விங்க மேடையப் பத்தியே இல்ல, வீட்டுலயும் வேலையிடத்துலயும் வாயத் தொறந்தா குரல் எடுபட மாட்டேங்குதுங்கிறவங்க கேள்விதான். அதனால இந்தத் தடவ முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். மொதக் கேள்விக்கு பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க, மத்தவங்களுக்கும் அதுலதான் அடிப்படை இருக்கு.

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயசு, சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கிளினிக்ல கவுண்டர் வேல. சின்ன வயசுலேருந்தே என் குரல் ரொம்ப சன்னம். பேர் கூப்பிட்டா யாரும் எழுந்து வர மாட்டாங்க, பக்கத்துல இருக்கற மலாய்க்கார அக்கா ஒரு சத்தம் போட்டாதான் வருவாங்க. மருந்து எப்படி சாப்பிடணும்னு சொன்னா "ஆ? என்னா?"ன்னு கேப்பாங்க, ரெண்டாவது தடவ கேட்டதுமே எனக்கு இன்னும் குரல் உள்ள போயிடும். டாக்டர் "குவாட் சிகிட்"னு (மலாய்ல 'கொஞ்சம் சத்தமா') சொல்லிட்டே இருக்காரு. பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க, "பொம்பளப் புள்ள கொரல் வாசலுக்குக் கேக்கக்கூடாது"ன்னு சொல்லி வளத்தாங்க. இப்ப சத்தமா பேசினா திமிர் புடிச்சவன்னு நெனச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு. என் சுபாவத்தையே மாத்திக்கணுமா டீச்சர்?
(பேர் வேணாம், சுங்கை சிப்புட்)

பதில்: சுபாவத்துல கைய வைக்க வேணாம்மா, அது நல்ல சுபாவம். கம்மியா பேசுறது ஒரு விசயம், பேசுற கொஞ்சமும் எதிராளி காதுக்குப் போய்ச் சேராம இருக்கறது வேற விசயம், இந்த ரெண்டையும் ஊர்ல எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி "அது அமைதியான புள்ள, அதுக்குக் கொரல் வராது"ன்னு முடிச்சிடறாங்க. தமிழ்ப்பள்ளி வகுப்புல நான் பாத்தது, வாயாடிப் புள்ளைங்கள்லயே நெறைய பேரு வார்த்தைய முழுங்குவாங்க, கமுக்கமா ஒக்காந்திருக்கற சிலது நாலே வார்த்த பேசும், அந்த நாலும் கடைசி பெஞ்சுக்குக் கேக்கும். மூச்சும் வாயும் பழக்கமும் சேந்தா வர்றது சத்தம், கத்துக்கக் கூடியது.

பாட்டி மேலயும் கோவப்படாதே. லயத்து வீட்டுல, அதான் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீட்டுல, இருந்தவங்களுக்குத் தெரியும், பலகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், புருசன் பொஞ்சாதி சண்டையிலேருந்து கடைக்காரன் கடன் வரைக்கும் பக்கத்து வீட்டுக்குப் போயிடும், அதனால மெல்லப் பேசுங்கிறது அவங்க மானத்தக் காப்பாத்திக்கிட்ட வழி. அதோட தோட்டத்துத் தொர (மேனேஜர்) முன்னாடியும் கிராணி (கணக்குப்பிள்ள) முன்னாடியும் நின்னா கொரல எறக்கித்தான் பேசணும், எடுத்துப் பேசினா வாய்க்கொழுப்புன்னு பேரு வந்துரும், வேல போனாலும் போகும். அந்தப் பயம் இருக்கே, அது நாம லயத்த விட்டு தாமானுக்கு, டவுன் குடியிருப்புக்கு, வந்த பிறகும் கூடவே வந்திருச்சு. இன்னைக்கும் ஏதாவது ஆபீஸ் கவுண்டர்ல நின்னு தனக்கு உரிமையான ஒண்ண கேக்கறப்ப நம்ம ஆளுங்களுக்குக் கொரல் தொண்டையிலயே நின்னுடுது, அதப் பாக்குறப்ப எனக்கு வயிறு எரியும்.

ஆனா அதே பாட்டிதான் வெடியக்காலம் இருட்டுல பெரட்டுக் களத்துல, வேலைக்கு ஆளுங்கள வரிசையா நிக்க வெக்கிற எடத்துல, நின்னு பேர் கூப்பிட்டதும் அந்தக் கோடிக்குக் கேக்கற மாதிரி பதில் குடுத்திருப்பாங்க. பால்மரக் காட்டுல நாலு நெர தள்ளி நிக்கறவங்கள கூப்பிடணும்னா போன் ஏது அப்ப, குரல்தான். "எப்படி பாட்டி கூப்பிடுவீங்க, ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டுங்க"ன்னு கேட்டுப் பாரு, மொகத்தத் தூக்கி, ஒரு மூச்சு இழுத்து, பேரோட கடைசி எழுத்த நீட்டி அனுப்புவாங்க. நீ கத்துக்க வேண்டியதுல முக்கால்வாசி அதுலயே இருக்கு. அவங்களுக்கு லயத்துக்கு ஒரு குரல், காட்டுக்கு ஒரு குரல்னு ரெண்டு இருந்துச்சு, உனக்கு லயத்துக் குரல மட்டும் குடுத்துட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப வேலைக்கு வருவோம். மொதல்ல, சத்தம் போதுமா போதாதான்னு உன் காத வெச்சு முடிவு பண்ணாதே. நாம பேசுறது நம்ம காதுக்கு ரெண்டு வழியா வருது, காத்து வழியா ஒண்ணு, மண்டை எலும்பு வழியா ஒண்ணு. மத்தவங்களுக்குப் போறது காத்து வழி மட்டும்தான். அதனால உனக்கு உள்ள போதும் போதும்னு தோணும்போது வெளிய அதுல பாதி கூட போயிருக்காது. போன்ல பதிவு பண்ணிக் கேட்டா "இது என் குரலே இல்ல"ன்னு எல்லாரும் சொல்றதுக்கும் அதான் காரணம். சாதாரணமா ஒருத்தர் பேசுற சத்தம் 1 மீட்டர் தூரத்துல ஏறக்குறைய 60 டெசிபெல் (சத்தத்த அளக்கற அளவு) இருக்கும், தெறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 டெசிபெல் கொறையும், 4 மீட்டர்ல நிக்கறவங்களுக்கு 12 கொறஞ்சிருக்கும். கட்டடத்துக்குள்ள சுவர்ல பட்டு கொஞ்சம் திரும்பி வரும்னாலும் உன் கிளினிக்ல காத்தாடி ஓடுது, டிவி ஓடுது, கொழந்தைங்க அழுவுது, கவுண்டர்ல கண்ணாடித் தடுப்பு வேற வெச்சிருப்பாங்க. எதிர்ல நிக்கற நர்ஸ்கிட்ட பேசுற அதே சத்தத்துல கடைசி நாற்காலில இருக்கற பெரியவர் பேரக் கூப்பிட்டா அவரு எப்படிம்மா எழுந்து வருவாரு.

அதனால உன் போன எடுத்துக்க. வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஆளு வராத நேரத்துல, கடைசி நாற்காலி மேல போன வெச்சு பதிவுல போட்டுட்டு உன் எடத்துக்கு வந்து ஒரு அஞ்சாறு பேரக் கூப்பிடு, ரெண்டு மருந்து வெவரம் சொல்லு, காத்தாடியும் டிவியும் ஓடட்டும். அப்புறம் போய்க் கேளு. எந்த வார்த்த கேக்குது, எது காத்தோட போச்சுன்னு உனக்கே தெரிஞ்சிடும். இன்னும் கொஞ்சம் ஏத்திக் கூப்பிடு, திரும்பக் கேளு. ஒரு கட்டத்துல உனக்கு உள்ள "ஐயோ கத்துறேனே"ன்னு கூசும், ஆனா போன்ல கேட்டா சாதாரணமா, நல்லாத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் வர்ற எடம்தான் உனக்கு சரியான எடம். அத வயித்துலயும் நெஞ்சுலயும் எப்படி இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்க, ஏன்னா நாளைக்கு உனக்கு வழி காட்டப் போறது அந்த ஞாபகம்தான், காது காட்டாது.

அடுத்தது மூச்சு. நீ இப்ப பேர் கூப்பிடறத நான் பாக்காமலேயே சொல்லிடறேன், கார்ட கையில எடுக்கற, தலையக் குனிஞ்சு படிக்கற, படிக்கறப்பவே மூச்ச விட்டுட்ட, மிச்சம் இருக்கற கொஞ்சத்துல அந்தப் பேர மேசையப் பாத்துச் சொல்ற. தொட்டி காலியானப்புறம் பைப்பத் தெறந்தா என்ன வரும், அதான் வருது. சத்தம் எப்படி உண்டாகுதுன்னா நுரையீரல்லேருந்து வர்ற காத்து குரல் நாணத் தள்ளுது, அது அதிருது, தொண்டையும் வாயும் அத பெருசாக்கி வெளிய அனுப்புது. தள்ளுற காத்து இல்லாம தொண்டைய மட்டும் இறுக்கினா சத்தம் கீச்சுன்னு வரும், கொஞ்ச நேரத்துல தொண்ட வலிக்கும். அதனால கார்டப் படி, படிச்சு முடி, தலையத் தூக்கு, வயித்துல ஒரு கைய வெச்சுப் பாத்தா அது வெளிய வர்ற மாதிரி ஒரு மூச்சு இழு, தோளு மேல ஏறக்கூடாது, அப்புறம் அந்த மூச்சு புதுசா இருக்கும்போதே கூப்பிடு. படிக்கறதும் பேசுறதும் ஒண்ணா நடக்கக்கூடாது, இது ஒண்ண மாத்தினாலே வித்தியாசம் தெரியும்.

வாயத் தொறந்து பேசணும்னு சொன்னா சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி இருக்கும், ஆனா மெல்லப் பேசுறவங்கள்ல நெறைய பேரு பல்லக் கடிச்ச மாதிரியே பேசுறாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு "ஆ, ஏ, ஓ" வர்ற எடத்துல தாடை எறங்குதான்னு பாரு. கோயில்ல தேவாரம் பாடுற அதே பொண்ணுக்கு பேசச் சொன்னா குரல் வர மாட்டேங்குதுன்னு அம்மாமாருங்க என்கிட்ட ஆச்சரியமா சொல்வாங்க. பாடுறப்ப மூச்ச எங்க எடுக்கணும்னு முன்னாடியே தெரியும், நெடில நீட்டியே ஆகணும், வாயும் தொறந்தே ஆகணும், அதான் வித்தியாசம். உனக்குப் பாட வரும்னா ஒரு வரிய பாடு, ஒடனே அதே மூச்சோட அதே வரிய பேச்சாச் சொல்லு, தொண்ட அந்த நெலமையிலயே இருக்கறப்ப பேச்சு எப்படி வருதுன்னு கவனி.

இப்ப சொல்லப் போறது உன் வேலைக்கு ரொம்ப முக்கியம், இதுக்காகவே உனக்கு இவ்வளவு எழுதறேன். நம்ம தமிழ்ல வினை கடைசில வருது. செய்யணுமா கூடாதா, வந்தாரா வரலியா, எல்லாம் வாக்கியத்தோட வால்லதான் தொங்குது. மெல்லப் பேசுறவங்களுக்கு மூச்சு தீர்ற எடமும் அதே வால்தான். "இந்த மாத்திரைய வெறும் வயித்துல சாப்பிடக் கூடாது"ன்னு நீ சொல்ற, கடைசி வார்த்த உன் வாய்க்குள்ளயே கரைஞ்சு போச்சு, எதிர்ல நிக்கற ஆயாவுக்குக் கேட்டது "மாத்திரைய வெறும் வயித்துல சாப்பிட" வரைக்கும்தான். அவங்க சரி சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய் காலையில எழுந்ததும் வெறும் வயித்துல போட்டுக்குவாங்க. இது மரியாத, கூச்சம், சுபாவம் எதுலயும் அடங்காது, ஒருத்தர் ஒடம்பு சம்பந்தப்பட்டது. அதனால கடைசி வார்த்தைக்குன்னு மூச்ச மிச்சம் வை. நீளமான வாக்கியத்த ரெண்டா ஒடச்சிக்க. "சாப்டுட்டுதான் போடணும். வெறும் வயித்துல கூடாது." ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு. "கூடாது"ங்கறது "சாப்டுட்டு" அளவுக்கே கேக்கணும். அப்புறம் அவங்களயே திருப்பிச் சொல்லச் சொல்லு, "எப்பம்மா போடுவீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

வாக்கியத்தோட தலையிலயும் இதே பிரச்சன இருக்கு. யாராவது வேற பக்கம் கவனமா இருக்கறப்ப நீ பேச ஆரம்பிச்சா மொத ரெண்டு வார்த்த வீணாத்தான் போகும், அதனால அந்த ரெண்டையும் கூப்பிடறதுக்குச் செலவு பண்ணு. "டாக்டர்," சொல்லிட்டு நிறுத்து, அவரு திரும்பட்டும், அப்புறம் விசயம். "அக்கா, இங்க பாருங்க," நிறுத்து, அப்புறம் விசயம்.

"ஆ?"ன்னு கேக்கறாங்க இல்ல, அதுக்கு பயப்படாதே, அவங்க உன்னத் திட்டல, கேக்கலன்னு சொல்றாங்க, அவ்வளவுதான். அந்த நேரத்துல நீ செய்யக்கூடாதது ரெண்டு, அதே சத்தத்துல இன்னும் வேகமா சொல்றது ஒண்ணு, "ஒண்ணுமில்ல, பரவால்ல"ன்னு விட்டுடறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் மோசம், நீ சொல்ல வந்தது முக்கியமில்லன்னு நீயே முத்திர குத்திக் குடுத்த மாதிரி ஆயிடும். மூச்சு எடு, ஒரு படி ஏத்து, வேகத்தக் கொற, முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்லு.

திமிருன்னு நெனப்பாங்களோன்னு கேட்ட. மனுசங்களுக்கு அதட்டுற மாதிரி படறது பெரும்பாலும் சத்தத்தால இல்லம்மா, குரல் கீச்சுன்னு ஏறி, வேகமா, வெட்டி வெட்டி வர்றப்பதான். அதே அளவு சத்தத்த கொஞ்சம் கனத்த குரல்ல, நிதானமா, மொகத்தப் பாத்து "ஐயா, இங்க வாங்க"ன்னு சொல்லிப் பாரு, வயசானவங்களுக்கு அது மரியாதையாத்தான் இருக்கும், அவங்கள ரெண்டு மூணு தடவ "ஆ? ஆ?"ன்னு கேக்க வெச்சு கூச்சப்படுத்தறதுதான் சங்கடம்.

எல்லா எடத்துலயும் சத்தமா பேசவும் கூடாது, அதையும் சொல்லிடறேன். சக்கர நோயா, மூத்திரக் கடுப்பா, கர்ப்பமா, எதுன்னாலும் அத ஹாலு முழுக்கக் கேக்கற மாதிரி சொல்றது பெரிய தப்பு. அந்த மாதிரி விசயத்துக்கு எழுந்து பக்கத்துல போ, 2 மீட்டர் தூரத்த 1 மீட்டரா கொறச்சாலே நீ கொரல ஏத்தாம 6 டெசிபெல் சம்பாதிச்சாச்சு. டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளு, தப்பே இல்ல.

பழகுறதுக்கு கிளினிக்கையே நம்பியிருக்காதே, அங்க தப்பு வந்துருமோன்னு பதட்டம் இருக்கும். பாசார் மாலாமுக்கு (ராத்திரிச் சந்தைக்கு) போ, அப்பம் பாலிக் பலகாரக் கடையில ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல "ரெண்டு, சீனி கொஞ்சமா"ன்னு ஒரே தடவையில கேக்கற மாதிரி சொல்லிப் பாரு. மாமாக் சாப்பாட்டுக் கடையில ஒக்காந்த எடத்துலேருந்து தே ஓ (பால் இல்லாத டீ) கேட்டுப் பாரு. உன்ன யாரும் அங்க எடை போட மாட்டாங்க, சத்தமா பேசுறது அங்க எல்லாருக்கும் சகஜம். கொஞ்ச நாள்ல அந்தக் குரல் கவுண்டருக்கும் வந்துரும்.

கேள்வி: டீச்சர், எங்கப்பாவுக்கு 68 வயசு. செம்பனைத் தோட்டத்துல மண்டோரா (வேலையாளுங்களுக்கு மேற்பார்வையாளரா) இருந்தவரு, கணீர்னு குரல். இப்ப ஒரு வருசமா ரொம்ப மெல்லப் பேசுறாரு, போன்ல பேசினா ஒண்ணுமே புரியல. கேட்டா "நான் நல்லாத்தான் பேசுறேன், உங்கம்மாவுக்குத்தான் காது மந்தம்"னு சண்ட. வயசானதால இருக்குமா?
(மகன், கோல கங்சார்)

பதில்: தம்பி, இத வயசுன்னு விட்டுடாதீங்க. வயசானா குரல் கொஞ்சம் மெலியறது உண்டுதான், ஆனா கணீர்னு இருந்தவரு ஒரு வருசத்துல இப்படி எறங்கியிருக்காரு, அதுவும் தான் மெல்லப் பேசுறதே அவருக்குத் தெரியலங்கறீங்க, டாக்டர் பாத்தே ஆகணும். பார்க்கின்சன் நோய்ல குரல் சன்னமாகிறது ரொம்ப சாதாரணம், பல பேருக்கு அவங்க குரல் கொறஞ்சது அவங்களுக்கே தெரியாது, சுத்தி இருக்கறவங்களுக்குத்தான் காது கேக்கலன்னு நெனப்பாங்க. கூட வேற ஏதாவது இருக்கான்னு கவனிங்க, கையெழுத்து சின்னதாகிட்டே போகுதா, நடக்கறப்ப ஒரு கை வீசாம நிக்குதா, மொகத்துல முன்ன மாதிரி சிரிப்பு கோவம் தெரியலியா, சட்ட பொத்தான் போட நேரமாகுதா. கை நடுங்கினாத்தான் அந்த நோய்னு நெனச்சுக்காதீங்க, நடுக்கம் இல்லாதவங்களும் இருக்காங்க. அது இல்லாம தொண்டையில வேற காரணமும் இருக்கலாம், நுரையீரல் பிரச்சனையும் இருக்கலாம், அத டாக்டர்தான் சொல்லணும்.

மொதல்ல அரசாங்க கிளினிக்ல காட்டிப் பாருங்க, தேவைன்னா அவங்களே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு கடிதம் குடுப்பாங்க. பார்க்கின்சன்னே ஆனாலும் குரலுக்குப் பயிற்சி இருக்கு, அமெரிக்காவுல 1987-ல ஆரம்பிச்ச லீ சில்வர்மன் முறைன்னு ஒண்ணு, வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். அதுல நோயாளிக்குச் சொல்லிக் குடுக்கறது முக்கியமா ஒரே விசயம்தான், உனக்கு கத்துற மாதிரி தோணுற அளவுக்குப் பேசு, அதுதான் மத்தவங்களுக்கு சரியான அளவு. மேல அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னதுக்கும் இதுக்கும் இருக்கற ஒத்துமையப் பாத்தீங்களா. அது வரைக்கும் வீட்டுல அப்பாவ "சத்தமா பேசுப்பா சத்தமா பேசுப்பா"ன்னு நச்சரிக்காதீங்க, ஒரு காலத்துல தோட்டத்தையே தன் குரல்ல வேல வாங்கின மனுசன், அவருக்கு அது எவ்வளவு வலிக்கும். பேசுறப்ப டிவிய அணைச்சுட்டு எதிர்ல வந்து ஒக்காருங்க. அம்மாவுக்கும் காது டெஸ்ட் எடுத்துருங்க, ரெண்டு பேருக்கும் பிரச்சன இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

கேள்வி: எனக்கு எதிர்மாறான பிரச்சன டீச்சர். செம்பனை எண்ணெய் மில்லுல பாய்லர் பக்கம் வேல. வீட்டுக்கு வந்தா நான் சாதாரணமா பேசுறேன்னு நெனக்கறேன், பொஞ்சாதி "ஏன் கத்துறீங்க"ன்னு அழுவுறா, புள்ளைங்க பயப்படுது.
(பத்து காஜா வாசகர்)

பதில்: இரைச்சல்ல இருக்கறப்ப மனுசன் தன்ன அறியாம குரல ஏத்துவான். இத 1911-ல லொம்பார்னு ஒரு பிரெஞ்சு காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதி வெச்சாரு, அவர் பேர்லயே இன்னைக்கும் சொல்றாங்க. இரைச்சல் நின்னா குரலும் தானா எறங்கணும், உங்களுக்கு வீட்டுக்கு வந்தும் எறங்கலன்னா மொத சந்தேகம் காது மேலதான். உள் காது நரம்பு சம்பந்தமா கேக்கற சக்தி கொறஞ்சவங்களுக்கு தன் குரலும் சரியா கேக்காது, அதனால சத்தமாவே பேசுவாங்க. நம்ம மலேசியாவுல 2019 இரைச்சல் விதிமுறைப்படி 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்தான் வரம்பு, அதுக்கு மேல போற எடத்துல முதலாளி காதுக் கவசம் குடுக்கணும், காது டெஸ்டும் எடுத்துக் குடுக்கணும். கேளுங்க, அது உங்க உரிமை, பிச்சை இல்ல. போன காது திரும்பாது, மிச்சம் இருக்கறதக் காப்பாத்தணும். வீட்டுல பொஞ்சாதிகிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க, "எனக்குத் தெரியல, கைய இப்படிக் காட்டு, நான் எறக்கிக்கறேன்"னு ஒரு சாடை வெச்சுக்கங்க, அதுல கோவம் வராது.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில 4-ஆம் ஆண்டு. வீட்டுல கொஞ்சம் பேசுவான், வகுப்புல வாயே தெறக்க மாட்டேங்கறான், தெறந்தாலும் முணுமுணுப்பு. வாத்தியார் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு "கேக்கல, திரும்ப"ன்னு சொல்றாராம். பேச்சுப் போட்டியில சேத்துவிட்டா சரியாகுமா?
(தாய், சுங்கை சிப்புட்)

பதில்: சேத்துவிடாதீங்க, இப்ப வேணாம். மொதல்ல காதப் பாருங்க. சளி புடிச்சு நடுக் காதுல நீர் கட்டியிருந்தா வெளிச் சத்தம் கம்மியா கேக்கும், ஆனா தன் குரல் எலும்பு வழியா உள்ள பெருசா கேக்கும், அதனால அந்தப் புள்ளைங்க மெல்லப் பேசும். சின்னப் புள்ளைங்களுக்கு இது அடிக்கடி வர்றதுதான், யாரும் கவனிக்கறதில்ல. காது நல்லா இருக்குன்னா, வீட்டுல எல்லார்கிட்டயும் பேசுறான், பள்ளியில மட்டும் ஒரு மாசத்துக்கு மேல பேச்சே இல்லன்னா அது அடம் கெடையாது, பதட்டம், அதுக்குன்னு உள்ள மருத்துவர்கிட்ட காட்டணும்.

வாத்தியார நேர்ல போய்ப் பாருங்க, மரியாதையாவே சொல்லுங்க, நிக்க வெச்சு திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சா அவன் தொண்ட இன்னும் இறுகத்தான் செய்யும். அவனுக்குப் புடிச்ச ஒரு கூட்டாளியோட சேந்து வாசிக்க விட்டா, சேந்து வாசிக்கறப்ப குரல் தானா வரும், அப்புறம் மெதுவா தனியா. வீட்டுல வெளாட்டா பண்ணுங்க, நீங்க குசினியில நின்னுக்கங்க, அவன் ஹாலுல ஒக்காந்து சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு சொல்லணும், கேட்டா கெடைக்கும், அப்புறம் வாசல்லேருந்து, அப்புறம் கேட்டுக்கு வெளியலேருந்து. யாராவது சொந்தக்காரங்க வந்து "என்னா, ஊமையா?"ன்னு கேட்டா அந்த எடத்துலயே தடுத்துருங்க, பெத்தவங்க தடுக்கறத புள்ள பாக்கணும்.

கேள்வி: பஜனைக் குழுவுல பாடுறேன், சத்தமா பாடினா மறுநாள் தொண்ட கட்டிக்குது. பேசாம கிசுகிசுன்னு பேசிட்டு பனங்கல்கண்டு போட்டுக் குடிக்கறேன். சரியா?
(லிந்தாங் வாசகி)

பதில்: பனங்கல்கண்டு போட்டு வெதுவெதுன்னு குடிக்கறது எதமா இருக்கும், குடிங்க, ஆனா கிசுகிசுன்னு பேசுறது ஓய்வு இல்ல, பல பேருக்கு அதுலதான் தொண்ட இன்னும் இறுகுது. பேசாம இருங்க, இல்லன்னா சாதாரணக் குரல்ல கொஞ்சமா பேசுங்க. அடிக்கடி தொண்டையச் செருமாதீங்க, அதுக்கு பதிலா ஒரு மடக்கு தண்ணி. உருமி மேளத்துக்குப் பக்கத்துல நின்னு அதுக்கு மேல பாட முயற்சி பண்ணாதீங்க, தோக்கப் போறது உங்க குரல்தான். 3 வாரத்துக்கு மேல கரகரப்பு போகலன்னா, அதுவும் வீட்டுல சிகரெட் புகை இருந்தா, கட்டாயம் தொண்டை டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: கோயில் ஆண்டுக் கூட்டத்துல கணக்கு வாசிக்கச் சொல்லியிருக்காங்க. எனக்குக் குரல் கம்மி, மைக் இருக்கு, அதனால கவல இல்லதானே?
(பொருளாளர், சிம்மோர்)

பதில்: கொஞ்சம் கவலப்படணும் அண்ணே. மைக்கு உங்க குரலோட சேத்து காத்தாடிச் சத்தத்தையும் பின்னாடி பேசுறவங்க சத்தத்தையும் ஏத்தித்தான் அனுப்பும், நீங்க முணுமுணுத்தா முணுமுணுப்புதான் பெருசாகும். எதிர்ல ஒக்காந்திருக்கற ஒருத்தர்கிட்ட நல்லா பேசுற அளவு சத்தம் வேணும். மைக்க மோவாய்க்குக் கொஞ்சம் முன்னாடி, நாலு வெரக்கட தூரத்துல, வாயப் பாத்த மாதிரி புடிங்க, கணக்குப் புத்தகத்தப் பாக்கத் தல திரும்புறப்ப மைக்கும் கூடவே திரும்பணும், பல பேரு விடறது அங்கதான். தலைப் பக்கத்த கையால மூடிப் புடிக்காதீங்க, ஸ்பீக்கருக்கு முன்னாடி போய் நிக்காதீங்க, ரெண்டுலயும் ஊளையிட ஆரம்பிச்சிரும். கணக்குல தொகைய ரெண்டு தடவ வாசிங்க, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி மூச்சு. கூட்டத்துக்கு முன்னாடியே கடைசி வரிசையில ஒருத்தர ஒக்கார வெச்சு, கேக்கலன்னா கையத் தூக்கச் சொல்லி வெச்சிருங்க.